வாசகர் கேள்வி – பதில்: தாளம் தவறாதவர்கள் சிரிப்பில் தவறுவது ஏன்?

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, பாப் இசைக்கலைஞர்களை நகைச்சுவைப் படங்களில் நடிக்க வைப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்றது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒற்றை வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் தங்கள் அபிமானப் பாடகரைக் காப்பாற்ற எழுதியிருக்கிறார்கள். சிலர் என்றோ கொடுத்த டிக்கெட் காசுக்குக் கணக்குத் தீர்க்க எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கே: பல்லாயிரம் பேர் முன்னால் கூச்சமே இல்லாமல் பாடி ஆடுகிறவர்கள், இரண்டு பேர் மட்டும் பேசும் ஒரு சாதாரண நகைச்சுவைக் காட்சியில் மரப்பாச்சியைப் போல நிற்கிறார்களே, ஐயா! மேடைக்கூச்சம் இல்லாதவருக்கு நடிப்பு மட்டும் ஏன் வருவதில்லை?

ப: மேடையில் பாடுகிறவர் ஐம்பதாயிரம் பேரைப் பார்த்துப் பாடுகிறார் என்று நாம் சொல்கிறோம்; உண்மையில் அவர் யாரையும் பார்ப்பதில்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளுக்கு அப்பால் அவருக்குத் தெரிவது ஒரு பெரிய இருட்டு. அந்த இருட்டு ஆரவாரம் செய்கிறது. அதற்கேற்ப அவர் ஏறுகிறார், இறங்குகிறார். நகைச்சுவைக் காட்சியிலோ மூன்றடி தூரத்தில் இன்னொரு மனிதர் நிற்கிறார். அவர் சொல்லப்போவது நமக்கு நேற்றே மனப்பாடம் என்றாலும், இப்போதுதான் முதன்முறையாகக் காதில் விழுகிறது என்பதைப் போலக் கேட்க வேண்டும். பாடகருடைய தொழிலில் எல்லாரும் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் இன்னொருவரைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் அரிதாகத்தான் வரும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. வசனம் அங்கேயே பதிவாகும்போது ஒரு கனைப்புகூட அந்த டேக்கைக் கெடுத்துவிடும் என்பதால், விளக்குக்காரரிலிருந்து ஒப்பனையாளர் வரை அத்தனை பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். 'கட்' என்ற குரல் வந்த பிறகு சிரிப்பார்கள்; அதுவும் முதல் இரண்டு டேக்குகளுக்குத்தான். கோணத்தை மாற்றி ஒன்பதாவது முறையாக அதே வரியைச் சொல்லும்போது அங்கே நிலவுவது மயான அமைதி. கைதட்டலை வைத்தே தம் அளவைத் தெரிந்துகொண்டு வளர்ந்த ஒருவர் அந்த அமைதியில் என்ன செய்வார்? குரலை உயர்த்துவார், புருவத்தைத் தூக்குவார், கையை வீசுவார். நாம் திரையில் பார்த்து நெளிவது அதைத்தான்.

கே: இசைக்கலைஞர்களுக்கு இயல்பாகவே டைமிங் இருக்கிறது. நகைச்சுவை என்பதே டைமிங். இரண்டையும் கூட்டினால் விடை சரியாகத்தானே வர வேண்டும்?

ப: கணக்கு சரிதான், ஆனால் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே டைமிங் இல்லை. பாட்டில் காலம் முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் அதைக் கட்டிக் காக்கிறார். பாடுகிறவர் அதன்மேல் தைரியமாக உட்காரலாம். நகைச்சுவையில் தாளம் போடுகிறவர் யாரும் இல்லை. எதிராளியின் கண்ணிமைதான் தாளம். சங்கீதம் தெரிந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: சிரிப்பு வசனத்தில் பெரும்பகுதி அனாகத எடுப்பு. தாளம் தொடங்கி, ஒரு துளி இடம் விட்டு, கேட்கிறவர் 'இவன் மறந்துவிட்டானோ' என்று நினைக்கிற கணத்தில் எடுக்க வேண்டும். அந்த இடைவெளியின் நீளம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு டேக்கிலும் அது மாறவும் செய்யும்.

பாடுகிறவருடைய சுதந்திரமே படத்தில் சில சமயம் இடைஞ்சலாகிவிடுவதும் உண்டு. 1980-இல் ஜான் லேண்டிஸ் இயக்கிய 'தி ப்ளூஸ் பிரதர்ஸ்' படத்தில் அரீத்தா ஃபிராங்க்ளின் ஓர் உணவகத்துப் பெண்மணியாக வந்து, பழைய இசைக்குழுவோடு ஓடிப்போகத் துடிக்கும் கணவனை அதட்டிப் பாடுவார். முன்பே பதிவாகியிருந்த பாட்டுக்கு உதடசைப்பது அவருக்குப் பெரும் பாடாகிவிட்டது, ஏனென்றால் ஒரு பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி பாடுவது அவருக்கு வழக்கமே இல்லை. பல டேக்குகளிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டித்தான் அந்தக் காட்சி உருவாயிற்று.

அதே படத்தில் ரே சார்ல்ஸ் இசைக்கருவிக் கடைக்காரராக வருகிறார். பார்வை இல்லாதவர்தானே என்று ஒரு சிறுவன் சுவரில் தொங்கும் கிட்டாரைத் திருடக் கைநீட்ட, இவர் துப்பாக்கியை எடுத்து அவன் கைக்குப் பக்கத்திலேயே சுவரில் சுடுகிறார். பையன் ஓடிவிடுகிறான். பிறகு, இத்தனை சிறு வயதில் ஒரு பையன் கெட்டுப்போவதைப் பார்க்க மனம் உடைகிறது என்று வருத்தப்படுகிறார். 'பார்க்க' என்ற சொல்லுக்கு அவர் எந்த அழுத்தமும் கொடுப்பதில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பிவிடுகிறார். அழுத்தியிருந்தால் அது துணுக்கு. அழுத்தாததால் அது நடிப்பு. ஒரே படம், ஒரே இயக்குநர், இரண்டு மேதைகள். ஒருவருக்குக் காட்சி கையில் உட்கார்ந்தது, மற்றவருக்குப் படத்தொகுப்பாளர் கைகொடுக்க வேண்டியிருந்தது. என்றாலும் அரீத்தா அந்த உணவக மேடைக்குப் பின்னாலிருந்து முறைக்கும் முறைப்பை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே: எல்விஸ் பிரெஸ்லி நடித்த படங்களில் ஒன்றாவது நடிப்பிற்காகத் தேறுமா?

ப: 1956 முதல் 1969 வரை நடிகராக 31 படங்கள். பெரும்பாலானவற்றில் படத்தை விற்கப் பாட்டுத் தட்டு, தட்டை விற்கப் படம் என்ற வியாபாரச் சுழற்சிதான் கதை. ஆனாலும் 1962-இல் வந்த 'ஃபாலோ தட் ட்ரீம்' படத்தைத் தேடிப் பாருங்கள். புத்தம் புதிய நெடுஞ்சாலை ஓரத்தில் உரிமை கொண்டாடிக் குடியேறும் ஒரு குடும்பத்தின் அப்பாவி மகனாக அவர் வருகிறார். அப்பாவித்தனத்தை அவர் நடித்துக் காட்டுவதில்லை; சொன்னதைச் சொன்னபடியே புரிந்துகொள்ளும் ஒருவனாக, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பதில் சொல்கிறார். அந்த முகத்தை இன்னும் நாலு இயக்குநர்கள் நம்பியிருந்தால் நமக்கு ஒரு நல்ல நகைச்சுவை நடிகர் கிடைத்திருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அவர் கையில் கிட்டாரைக் கொடுத்துவிட்டார்கள்.

கே: பீட்டில்ஸ் நால்வரில் உண்மையான நடிகர் யார்? ரிங்கோ ஸ்டார் என்று என் கணவர் சொல்கிறார். நான் ஜார்ஜ் ஹாரிசன் என்கிறேன். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை சரியில்லை. தீர்ப்பு வழங்கவும்.

ப: வழக்கு சிக்கலானது, சாட்சிகளை விசாரித்துவிட்டே தீர்ப்புச் சொல்ல முடியும்.

1964-இல் ரிச்சர்டு லெஸ்டர் இயக்கிய 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்திற்கு எழுதியவர் ஆலன் ஓவன். அவர் முதலில் நால்வருடனும் சில நாள் சுற்றி, அவர்கள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்தார். பிறகு நடிப்புப் பயிற்சி இல்லாத இவர்கள் வாயில் நீண்ட வசனம் தங்காது என்று தெரிந்து, ஆளுக்கு ஒரு வரி, அரை வரி என்று நறுக்கி எழுதினார். பாடகர்களை நடிக்க வைக்க நினைக்கும் எந்த எழுத்தாளரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது என்பேன். பயிற்சி இல்லாதவர் பத்து வரி பேசினால் எட்டாவது வரியில் பிடிபட்டுவிடுவார். ஒரு வரி பேசினால் யாராலும் பிடிக்க முடியாது.

உங்கள் கணவர் தரப்பு: ரிங்கோ குழுவைவிட்டு விலகி, பழைய கோட்டும் தொப்பியுமாக ஆற்றங்கரையில் தனியே நடந்து, பள்ளிக்குப் போகாமல் திரியும் ஒரு சிறுவனோடு பேசும் காட்சி. படம் வந்தபோது விமர்சகர்கள் இந்தச் சோகத்தைச் சாப்ளினோடு ஒப்பிட்டார்கள். முதல்நாள் இரவு முழுவதும் கேளிக்கை விடுதியில் கழித்துவிட்டுத் தூங்காமல் நேராகப் படப்பிடிப்புக்கு வந்ததால்தான் முகம் அப்படி இருந்தது என்று ரிங்கோவே பிற்பாடு சொல்லிவிட்டார். இது நடிப்பா, தலைவலியா என்று கேட்கலாம். ஆனால் அந்த நிலையிலும் கேமராவிடம் இரக்கம் கேட்காமல் நடந்தாரே, அது அவருடைய வரவுதான். 1981-இல் 'கேவ்மேன்' என்ற கற்காலக் கூத்தில் அவர் கதாநாயகன். உருவாக்கப்பட்ட சில ஓசைச் சொற்களைத் தவிர வசனமே கிடையாது. பேச்சைப் பிடுங்கிக்கொண்டால் ரிங்கோ இன்னும் மேம்படுவார் என்பதற்கு அது சாட்சி. படம் சுமார்தான்.

உங்கள் தரப்பு: ஜார்ஜ் வழிதவறி ஒரு விளம்பர அலுவலகத்துக்குள் நுழைந்துவிடுகிறார். அங்கிருப்பவர் இவரை யாரென்று தெரியாமல், இளைஞர்களின் ரசனையைச் சொல்ல வந்த மாதிரிப் பையன் என்று எண்ணிச் சில சட்டைகளைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார். ஜார்ஜ் குரலை ஓர் அரைச் சுருதிகூட உயர்த்தாமல், செத்தாலும் இவற்றைப் போட மாட்டேன் என்கிறார்; அருவருப்பு என்பதற்குத் தாமே குறுக்கிக்கொண்ட ஒரு கொச்சைச் சொல்லையும் சேர்த்துவிடுகிறார். அந்த மேதாவி உடனே உதவியாளரை அழைத்து அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். ஜார்ஜ் வெற்றிபெற்ற முகத்தோடு நிற்பதில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல நிற்கிறார். நால்வரும் சேர்ந்த இந்தப் படத்தில் மிகத் துல்லியமான நடிப்பு அதுதான். ஆகவே தீர்ப்பு உங்களுக்கு. சிரிப்பின் மேல் ஜார்ஜுக்கு இருந்த மோகம் அதோடு போகவில்லை. மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினரின் 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் பின்வாங்கியபோது, தம் வீட்டை அடகுவைத்து அது வெளிவரச் செய்தவர் அவர். ஒரு படத்தைப் பார்ப்பதற்கு இதைவிட விலையுயர்ந்த டிக்கெட்டை எவரும் வாங்கியதில்லை என்று அக்குழுவில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

பால் மெக்கார்ட்னி பற்றி நீங்கள் இருவருமே கேட்கவில்லை. அதுவே ஒரு பதில். அவருக்கென்று எடுத்த தனிக் காட்சி படத்தில் வெட்டப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1984-இல், தாமே எழுதித் தாமாகவே நடித்த 'கிவ் மை ரிகார்ட்ஸ் டு பிராட் ஸ்ட்ரீட்' எழவே இல்லை. நால்வரில் அழகாகத் தெரிய அதிகம் முயன்றவருக்கே நடிப்பு அதிகம் நழுவியது என்பது என் கட்சி; பாலின் ரசிகர்கள் அடுத்த வாரம் கல் எறியலாம்.

கே: மடோனாவுக்கு நடிக்கவே வராது என்று ஒரு கோஷ்டி, 'டெஸ்பரேட்லி சீக்கிங் சூசன்' பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று இன்னொரு கோஷ்டி. உங்கள் கோஷ்டி எது?

ப: இரண்டு கோஷ்டியும் சொல்வது உண்மை என்பதால்தான் இந்தச் சண்டை நாற்பது ஆண்டுகளாக ஓயவில்லை.

1985-இல் வந்த அந்தப் படத்தில் ஒரு காட்சி: பேருந்து நிலையத்துக் கழிப்பறையில், கை உலர்த்தும் இயந்திரத்தின் குழாயை மேல்நோக்கித் திருப்பிவிட்டு, சூசன் தன் அக்குளை உலர்த்திக்கொள்கிறாள். யாருக்கும் காட்டுவதற்காகச் செய்வதில்லை. தினமும் செய்கிற வேலையைப் போலச் செய்கிறாள். இந்தப் பெண்ணுக்கு வீடு இல்லை, வெட்கமும் இல்லை, கவலையும் இல்லை என்பதெல்லாம் அரை நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இயக்குநர் சூசன் சைடல்மன், கதையின் பாரத்தையெல்லாம் ரோசன்னா ஆர்கெட்டின் தோளில் ஏற்றிவிட்டு, மடோனாவை உள்ளே வந்து வெளியே போகும் ஒரு காற்றைப் போலப் பயன்படுத்தியிருக்கிறார். இதில் காலமும் கைகொடுத்தது. படப்பிடிப்பு நடந்தது 1984-இன் இறுதி மாதங்களில். அப்போது அவர் வளர்ந்துவரும் பாடகிதான். 1985 மார்ச்சில் படம் வெளிவருவதற்குள் உலகமே அறிந்த பெயராகிவிட்டார். தளத்தில் யாரும் அவரை நட்சத்திரமாகத் தாங்கவில்லை, தாங்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

இரண்டே ஆண்டில், 1987-இல், 'ஹூஸ் தட் கேர்ள்' வந்தது. இப்போது படமே அவருக்காக. சிறையிலிருந்து வெளிவரும் நிக்கி என்ற பெண்ணுக்காகக் கீச்சென்று ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை அதை விடவே இல்லை. 1930-களின் அமெரிக்கத் தடாலடிக் காதல் நகைச்சுவைகளில் நாயகிகள் வேகமாகப் பேசினார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டவர்கள், அந்த நாயகிகள் எதிராளியின் பதிலுக்கு ஒரு கணம் காது கொடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டார்கள். கூட நடித்த கிரிஃபின் டன் நல்ல நகைச்சுவை நடிகர். அவர் எறியும் பந்து ஒவ்வொன்றும் சுவரில் பட்டு அவரிடமே திரும்புகிறது. வேடிக்கை என்னவென்றால், படம் கவிழ்ந்தது, அதன் தலைப்புப் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

பிறகு 1992-இல் பெனி மார்ஷல் இயக்கிய 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்'. பெண்கள் பேஸ்பால் அணியில் ஒருத்தி, அவ்வளவுதான். எழுத்தறியாத சக வீராங்கனைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க, மே என்ற பாத்திரம் ஒரு கிளுகிளுப்பான நாவலைப் பாடப்புத்தகமாகத் தேர்ந்தெடுக்கும். அந்தக் காட்சியில் மடோனா பொறுப்புள்ள வாத்தியாரம்மாவாகவே நடந்துகொள்கிறார். சிரிப்பைப் புத்தகத்திடம் விட்டுவிடுகிறார். ஒரு கூட்டத்தில் ஒருவராக நிறுத்தினால் அவர் நடிகை. நடுவில் நிறுத்திச் சுற்றிலும் விளக்குப் போட்டால் பாடகி. நான் எந்தக் கோஷ்டி என்று இப்போது சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கே: பாடகி ஷேருக்கு 'மூன்ஸ்ட்ரக்' படத்திற்காக ஆஸ்கர் கொடுத்தது தகுதிக்கா, புகழுக்கா?

ப: தகுதிக்கு, அந்தத் தகுதி ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1967-இல் கணவர் சோனியும் ஷேரும் சேர்ந்து நடித்த 'குட் டைம்ஸ்' என்ற கேலிப்படம் படுதோல்வி. பிறகு 1971 முதல் 1974 வரை தொலைக்காட்சியில் இருவரும் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சியில், கணவர் ஏதாவது உளற, ஷேர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஒரு வரியில் அவரை மடக்குவார். வாரந்தோறும், நேயர்கள் எதிரில், சிரிப்பு எங்கே விழுகிறது என்று காதால் அளந்து பழகிய பயிற்சி அது. 1982-இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய நாடகம், 1983-இல் 'சில்க்வுட்' படத்தில் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை என்று படிப்படியாக ஏறியவர். 1987-இல் நார்மன் ஜூவிசன் இயக்கிய 'மூன்ஸ்ட்ரக்' படத்தில், நிக்கலஸ் கேஜ் காதலைச் சொன்னதும் இரண்டு அறை விட்டுத் தெளிந்து வா என்று அதட்டுகிறாரே, அந்த இரண்டு அறைகளுக்கும் இடையே அவன் முகத்தை ஒரு கணம் பரிசோதிக்கிறார். முதல் அறை வேலை செய்ததா என்று பார்க்கிறார், செய்யவில்லை, இன்னொன்று கொடுக்கிறார். அந்த ஒரு பார்வைக்கே விருது கொடுக்கலாம்.

கே: ஸ்பைஸ் கேர்ள்ஸ்?

ப: 1997-இல் வந்த அவர்களுடைய 'ஸ்பைஸ் வேர்ல்டு' படத்திற்காக இந்தப் பிரிட்டிஷ் பாப் குழுவின் பாடகிகள் ஐவருக்கும் சேர்த்து மோசமான நடிகைக்கான ராஸ்பெர்ரி விருது கொடுத்தார்கள். கொஞ்சம் அநியாயம். இயக்குநர் பாப் ஸ்பியர்ஸ் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையில் கைதேர்ந்தவர். ஐந்து பேரும் தங்கள் பட்டப்பெயர்களையே கேலி செய்துகொள்ளும் இடங்கள் இன்றும் சிரிக்க வைக்கின்றன. கதை என்று ஒன்றை நடுவில் நுழைக்கும்போதுதான் தூக்கம் வருகிறது.

கே: பாடகர் தாமாகவே ஓரிரு நிமிடம் வந்துபோவதை நடிப்பு என்று ஒப்புக்கொள்ளலாமா? அது வெறும் முகம் காட்டல்தானே?

ப: நான் ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் தன் பிம்பத்தைத் தானே எட்டி நின்று பார்க்கத் தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது. 1992-இல் வந்த 'வெய்ன்ஸ் வேர்ல்டு' படத்தில் இரண்டு ரசிகப் பையன்கள் ஆலிஸ் கூப்பரை மேடைக்குப் பின்னால் சந்திக்கிறார்கள். மேடையில் பாம்பும் தூக்குமேடையும் கொண்டுவரும் பயங்கர மனிதர். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை அப்படியே இருக்கிறது. வாயைத் திறந்தால் மில்வாக்கி நகரின் பெயர் எந்தப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது, அதன் பொருள் என்ன என்று சரித்திரப் பேராசிரியரைப் போல விளக்குகிறார். முகத்தில் ஒரு குறும்புகூட இல்லை. மை கலையாமல் இருப்பதும் பேச்சு பாடப்புத்தகமாக இருப்பதும்தான் நகைச்சுவை என்பதைப் புரிந்துகொண்டு, நடுவில் தாம் நுழையாமல் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

ஹூயி லூயிஸ் செய்தது இன்னும் நுட்பம். 1985-இன் 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில், பள்ளி விழாவுக்கு இசைக்குழுவைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களில் ஒருவராக, கண்ணாடியும் சம்பிரதாய உடையுமாக உட்கார்ந்திருப்பார். நாயகனின் குழு வாசிப்பது ஹூயி லூயிஸின் சொந்தப் பாட்டு. இவர் ஒலிபெருக்கியைக் கையிலெடுத்து, சத்தம் அதிகம், போய்வாருங்கள் என்று நிராகரிக்கிறார். யாரென்று அடையாளம் தெரியாதவருக்கும் அது ஒரு சிடுமூஞ்சி நடுவர். தெரிந்தவருக்கு இரட்டைச் சிரிப்பு.

டேவிட் போவியும் 'ஸூலாண்டர்' படத்தில், 2001-இல், இரண்டு அழகன்களின் நடைப்போட்டிக்கு நடுவராகத் தாமாகவே வந்து, ஏதோ உலக நீதிமன்ற வழக்கை விசாரிப்பதைப் போல விதிகளை அறிவிப்பார். அதே போவி 1991-இல் 'தி லிங்குவினி இன்சிடென்ட்' என்ற காதல் நகைச்சுவையில் முழு நீள நாயகன். அது யார் நினைவிலும் தங்கவில்லை. 'டாக்மா' படத்தில், 1999-இல், அலானிஸ் மோரிசெட் கடவுளாக வருகிறார்; கடவுளின் குரலை மனிதர் காது தாங்காது என்பதால் அவருக்குப் பேச்சு கிடையாது. உலகெங்கும் குரலால் அறியப்பட்டவரை ஊமையாக்கியவரின் துணிச்சலை என்னவென்பது!

கே: ராப் பாடகர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைவாகத் தெரிகிறதே, அது பிரமையா?

ப: முழுப் பிரமை இல்லை. ராப் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கலை. மூச்சை எங்கே வெட்டுவது, எந்தச் சொல்லைத் தாமதப்படுத்துவது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்தவை. ஆனாலும் ஐஸ் கியூபை ஜெயிக்க வைத்தது அதுவல்ல. 1995-இல் அவரும் டிஜே பூவும் எழுதிய 'ஃப்ரைடே' படத்தில், விடுமுறை நாளில் வேலை பறிபோன இளைஞனாக அவர் பெரும்பாலும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கிறிஸ் டக்கர் வாணவேடிக்கை. இசையில் கோபத்துக்குப் பெயர்போன அந்தச் சுளித்த முகத்தைக் கியூப் மாற்றவே இல்லை. டக்கரின் ஒவ்வொரு அமளிக்கும் அந்த முகம் சற்றே திரும்புகிறது, அவ்வளவுதான். தாமே எழுதிய படத்தில் சிரிப்பு வரிகளை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, கேட்கிற இடத்தை வைத்துக்கொண்டார். எத்தனை நட்சத்திரங்கள் அப்படிச் செய்வார்கள்? 2012-இல் '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' படத்தில் அதே கோபத்தைக் காவல் அதிகாரி வேடத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சிரிக்க வைத்தார். இடையில் 2005-இல் 'ஆர் வி தேர் யெட்?' என்ற குடும்பப் படத்தில் குழந்தைகளிடம் அடிபட்டு விழுந்து அழகு காட்டினார். அங்கே முகம் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறது.

கே: நீங்கள் பார்த்த மிக மோசமான படத்தில் மிக நல்ல ஒரு கணம்?

ப: பாடகர் பிரின்ஸ் தாமே இயக்கி நடித்த 'அண்டர் த செர்ரி மூன்', 1986. தெற்குப் பிரான்சின் கடலோரம், கறுப்பு வெள்ளை, தம் அழகில் தாமே மயங்கிய நாயகன். மோசமான படத்துக்கான ராஸ்பெர்ரியை 'ஹோவர்டு த டக்' படத்தோடு பங்கிட்டுக்கொண்டது. ஆனால் நடுவில் ஒரு காட்சி. சீமாட்டியான கிறிஸ்டின் ஸ்காட் தாமஸிடம் பிரின்ஸ் ஒரு தாளில் இரண்டு சொற்களை எழுதி நீட்டுகிறார். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், பொருள் விளங்கவில்லை, மறுபடியும் படிக்கிறாள். இவரும் நண்பன் ஜெரோம் பெண்டனும் அடக்க முடியாமல் துள்ளுகிறார்கள். இசைத்தட்டு வாங்க எங்கே போவாய் என்று கேட்டதும்தான், அது 'ரெக்கார்டு ஸ்டோர்' என்பதைத் தங்கள் தெருவழக்கில் எழுதியது என்று அவளுக்குப் புரிகிறது. அந்த ஓரிரு நிமிடம் பிரின்ஸ் தாம் அழகாகத் தெரிகிறோமா என்பதை மறந்து, நண்பனோடு சேர்ந்து வம்புக்கு அலையும் பள்ளிக்கூடப் பையனாகிவிடுகிறார். அடுத்த காட்சியில் நினைவு வந்துவிடுகிறது.

கே: நடிகர்கள் பாட வந்தால் மட்டும் நன்றாக இருக்கிறதோ?

ப: 1984-ஐப் பாருங்கள். 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில் நடிகர்கள் ஒரு ராக் குழுவாகவே மாறித் தாங்களே பாட்டெழுதி வாசித்தார்கள், அது காவியம். அதே ஆண்டு 'ரைன்ஸ்டோன்' படத்தில் சில்வஸ்டர் ஸ்டாலோன் பாடினார்; அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவராகப் பாடகி டாலி பார்ட்டன். பாவம் டாலி! 1980-இல் 'நைன் டு ஃபைவ்' படத்துக்கு முதன்முறை நடிக்க வந்தபோது, தம் பங்கை மட்டும் படித்தால் போதும் என்று தெரியாமல் எல்லாருடைய வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் அவர். அறியாமையால் செய்ததுதான், ஆனால் படத்தைப் பார்த்தால், மற்றவர் பேசும்போதும் அவர் முகம் ஒரு நொடிகூட வேலையை நிறுத்துவதில்லை. தளத்தில் நீண்ட நகங்களை ஒன்றோடொன்று தட்டி, தட்டச்சு இயந்திரத்தின் ஓசையை உண்டாக்கி, தலைப்புப் பாட்டின் தாளத்தையும் அங்கேயே பிடித்துவிட்டார்.

கே: இத்தனையும் பார்க்க நேரமில்லை. ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

ப: ஜிம் ஜார்முஷ் இயக்கிய 'டௌன் பை லா', 1986. லூசியானா மாநிலச் சிறையில் ஒரே அறையில் மூவர். இருவர் இசைக்கலைஞர்கள்: கரகரத்த குரலுக்குப் பெயர்போன டாம் வெயிட்ஸ், சாக்ஸபோன் கலைஞர் ஜான் லூரி. மூன்றாமவர் இத்தாலிய நகைச்சுவை நடிகர் ராபர்டோ பெனீனி. அரைகுறை ஆங்கிலம், அடங்காத உற்சாகம். இசைக்காரர்கள் இருவரும் ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டு, படம் முழுவதும் எரிச்சலாகவே இருக்கிறார்கள். சிரிக்க வைக்க ஒரு விரலைக்கூட அசைப்பதில்லை.

சன்னலே இல்லாத அந்த அறையின் சுவரில் பெனீனி ஒரு நாள் சன்னல் ஒன்றை வரைகிறார். வரைந்துவிட்டு, ஆங்கிலத்தில் 'சன்னலைப் பார்க்கிறேன்' என்று சொல்ல வேண்டுமா, 'சன்னல் வழியே பார்க்கிறேன்' என்று சொல்ல வேண்டுமா என்று உண்மையான ஐயத்தோடு கேட்கிறார். லூரி படுத்தபடியே சுவரைப் பார்க்கிறார், யோசிக்கிறார். பிறகு, இந்தச் சன்னலைப் பொறுத்தவரை 'சன்னலைப் பார்க்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும் என்று, ஓர் இலக்கண ஆசிரியரின் வருத்தத்தோடு சொல்கிறார்.